சர்வரில் திறந்து கிடக்கும் 'போர்ட்': கண்டறிந்து பாதுகாப்பது எப்படி?

பெங்களூரு: கடந்த 2017-ம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், பிஎஸ்என்எல் நிறுவனத்தின் கர்நாடக வட்டத்தில் ஏராளமான பிராட்பேண்ட் மோடம்கள் தீம்பொருள் தாக்குதலால் முடங்கின. 'அட்மின்' என்ற தொடக்கநிலைக் கடவுச்சொல்லை மாற்றாத மோடம்களே பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனம் தெரிவித்தது. கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறு வாடிக்கையாளர்கள் அறிவுறுத்தப்பட்டனர்.

எனினும், கடவுச்சொல் மட்டுமே காரணமன்று எனப் பின்னர் செய்திகள் வெளியாகின. மோடம்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கப் பயன்படும் 7547 என்ற போர்ட், இணையத்தில் எவரும் அணுகும் வகையில் திறந்திருந்ததாக அவை கூறின. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேர் பாதிக்கப்பட்டதும், இதே போர்ட்டைக் குறிவைத்த தாக்குதலால்தான்.

சிலருக்கு மட்டுமே தேவையான வாயிலை உலகுக்கே திறந்து வைப்பதுதான் இத்தகைய தாக்குதல்களுக்கு வழிவகுக்கிறது. வாடகை சர்வர்களில் இயங்கும் சிறு நிறுவனங்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

போர்ட் என்பது என்ன?

ஐபி முகவரியை ஒரு கட்டடத்தின் முகவரி எனக் கொண்டால், போர்ட் என்பது அதிலுள்ள கதவின் எண் ஆகும். இந்த எண்கள் 65,535 வரை உள்ளன. பாதுகாப்பான இணையதளச் சேவைக்கு 443, தொலைநிலை நிர்வாகத்துக்கு 22, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு 3306 ஆகியவை வழக்கமானவை. இவற்றில் பொதுமக்களுக்குத் தேவையானது 443 மட்டுமே.

சோதிக்கும் முறை

சோதனையை உள்ளும் புறமும் நடத்த வேண்டும். லினக்ஸ் சர்வருக்குள் 'எஸ்எஸ்' கட்டளையை இயக்கினால், எந்தப் போர்ட்டில் எந்த மென்பொருள் இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்பது தெரியும். முகவரி 127.0.0.1 என இருந்தால், அச்சேவையை அதே கணினி மட்டுமே அணுக இயலும். 0.0.0.0 என இருந்தால், வெளியிலிருந்தும் இணைப்பு வரக்கூடும்.

அடுத்து, வேறோர் இணைய இணைப்பிலிருந்து 'என்மேப்' கருவியால் சோதிக்க வேண்டும். வெளிச்சோதனையைத் தவிர்க்கலாகாது. உதாரணமாக, டாக்கர் மென்பொருள் வெளியிடும் போர்ட்கள், உபுண்டுவின் எளிய ஃபயர்வாலான 'யுஎஃப்டபிள்யூ' விதிகளைக் கடந்து திறந்துவிடக் கூடும். மூடிவிட்டதாக நிர்வாகி கருதும் கதவு, வெளியிலிருந்து பார்க்கையில் திறந்தே இருக்கும். பிறரது சர்வரை அனுமதியின்றிச் சோதிப்பது சட்டச் சிக்கலுக்கு வழிவகுக்கலாம்.

பாதுகாக்கும் வழிகள்

* தேவையற்ற சேவைகளை நிறுத்த வேண்டும்.
* தரவுத்தளத்தை உள்முகவரியில் மட்டும் இயக்க வேண்டும்.
* கிளவுட் நிறுவனத்தின் ஃபயர்வால், சர்வரின் ஃபயர்வால் ஆகிய இரண்டிலும் அனைத்தையும் தடுத்து, தேவையானவற்றை மட்டும் அனுமதிக்க வேண்டும்.
* 22-ம் போர்ட்டை அலுவலக முகவரிக்கு அல்லது விபிஎன் இணைப்புக்கு மட்டும் அனுமதித்து, கடவுச்சொல்லுக்குப் பதிலாக மறையாக்கச் சாவியைப் பயன்படுத்த வேண்டும். விதியை மாற்றும்போது, தற்போதைய இணைப்பைத் துண்டிக்காமல் புதிய இணைப்பைச் சோதித்துக்கொள்வது நல்லது.
* திறந்திருக்க வேண்டிய சேவைகளின் மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும். 2017 மே மாதம் உலகை உலுக்கிய 'வான்னாக்ரை', 445-ம் போர்ட் வழியாகப் பரவியது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது.

ஊடுருவல் நிகழ்ந்தால், அதனை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் எனவும், சர்வர் பதிவுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் எனவும் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.

புதிய மென்பொருள் ஒன்றை நிறுவும்போது புதிய போர்ட் திறக்கப்படலாம். ஆகவே, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னரும் வெளியிலிருந்து மீண்டும் சோதிப்பது அவசியம்.