பூட்டிய வீட்டில் பூசணம் பூப்பது ஏன்?

புதுச்சேரியில் பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகள் பல. சொந்தக்காரர்கள் கடல் கடந்து இருக்கிறார்கள்.

1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பியவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம் கூறியது. அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்கள் பல, பிரான்சில் குடியேறின. பூர்வீக வீடு மட்டும் இங்கே நின்றது.

பூட்டுப் போட்டால் திருடன் வரமாட்டான். ஆனால் தண்ணீர் வரும்!

ஒரே நாள் மழை

புதுச்சேரியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே பெய்து விடும். 2024 நவம்பர் 30-ந் தேதி "பெஞ்சல்" புயல் கரை கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டி மீட்டருக்கு மேல் கொட்டியது.

மழை எதைச் செய்யும் என்பதற்குக் கடற்கரையில் இருந்த "மேரி" கட்டிடமே சாட்சி. அது பழைய நகராட்சி மாளிகை. பழுதடைந்து கிடந்த அந்த மாளிகை, 2014 நவம்பர் 29-ந் தேதி மழையில் இடிந்து விழுந்தது. அதை அரசு மறுபடி கட்டியது. 2021-ல் திறந்தது. குடும்பத்தின் வீடு விழுந்தால் யார் கட்டித் தருவார்கள்?

காற்றுதான் மருந்து

பழைய மெத்தை வீடுகளுக்கு மர உத்திரமும் மரச் சட்டங்களும்தான் தாங்கு பலம். மேலே சிறு செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் இருக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும். காற்றுப் பட்டால் விட்டுவிடும்.

காற்று இல்லாவிட்டால்? ஈரம் தங்கும். பூசணம் பூக்கும். சட்டத்தின் நுனி சுவருக்குள்ளேயே மக்கும். கரையான் ஏறும்.

ஆள் இருக்கும் வீட்டில் முதல் சொட்டு விழும்போதே தெரிந்துவிடும். பூட்டிய வீட்டில் யார் பார்ப்பது?

என்ன செய்யலாம்?

செப்டம்பரிலேயே மொட்டை மாடியைக் கூட்டுங்கள். தண்ணீர் இறங்கும் குழாயில் சருகு அடைத்திருந்தால் எடுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குங்கள்.

ஊருக்குப் புறப்படும்போது தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடுங்கள். மின்சாரத்தையும் நிறுத்துங்கள்.

பீரோ, கட்டில்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். துணி, புத்தகங்களைத் தரையில் போடாதீர்கள்.

மாதம் ஒருமுறை, வெயில் நாளில், எல்லாக் கதவுகளையும் சன்னல்களையும் திறக்கச் செய்யுங்கள். பெருமழை விட்டதும் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பூசணம் கண்டால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிட வேண்டும். ஒழுகலை அடைக்காமல் வெள்ளை மட்டும் அடித்தால், பூசணம் திரும்ப வரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டு பூசாதீர்கள். ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

பங்காளிகள் கவனத்துக்கு

அண்ணன் பார்ப்பான் என்று தம்பியும், தம்பி பார்ப்பான் என்று அண்ணனும் இருந்தால், வீடு இருவருக்கும் இல்லாமல் போகும். கூட்டுவதற்கு ஆகும் கூலி சிறிது. உத்திரம் மாற்றும் செலவோ மலை!

ஆளில்லாத வீட்டிலும் வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். விளக்கேற்றப் போகிறவர் கதவைத் திறப்பார். கூட்டுவார். ஒழுகலைக் கண்டு சொல்வார். ஆகவே, நம்பகமான ஒருவரிடம் சாவி இருக்கட்டும்!