உழைப்புக்கு விலை வைப்பது யார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

அரிசிக்கு விலை உண்டு. நூலுக்கு விலை உண்டு. மனித உழைப்புக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைத்தான் கூலி என்றும் சம்பளம் என்றும் அழைக்கிறோம். மற்றப் பொருள்களைப் போலவே உழைப்பின் விலையும் சந்தையில் தீர்மானமாகிறது என்று பொருளியல் நூல்கள் கூறுகின்றன. இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பொருளியல் மாணவன் அல்லன், வேதியியல் பயில்பவன். ஆயினும் தறிக் கூலியில் வளர்ந்தவன் ஆதலால் இக்கேள்வி சிறு வயது முதலே என் மனத்தில் இருந்து வருகிறது. கல்லூரி நூலகத்தில் படித்ததையும் வீட்டில் கண்டதையும் இணைத்து என் அறிவுக்கு எட்டிய வரை இங்கே எழுதுகிறேன்.

தேவையும் அளிப்பும்

பாடநூல் தரும் விளக்கம் எளிது. வேலை நிறைய இருந்து ஆட்கள் குறைந்தால் கூலி ஏறும். ஆட்கள் பெருகி வேலை குறைந்தால் கூலி இறங்கும். நடவு நாளில் கூலி கூடுவதும், வேலையற்ற மாதங்களில் குறைவதும் நாம் கண்கூடாகக் காண்பவை.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1348-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கொள்ளைநோய் பரவி மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் மாண்டனர். உழவும் அறுப்பும் செய்ய ஆள் இல்லை. பிழைத்திருந்த உழைப்பாளிகள் இரட்டிப்புக் கூலி கேட்டனர். தேவை, அளிப்பு விதிப்படி அது நியாயமே. ஆனால் நடந்தது என்ன? 1349-இல் அரசாணை ஒன்றும், 1351-இல் சட்டம் ஒன்றும் பிறந்தன. நோய்க்கு முன்னிருந்த கூலிக்கு மேல் யாரும் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்று அவை விதித்தன. ஆக, சந்தை உழைப்பாளியின் பக்கம் சாய்ந்தபோது, கூலியைச் சந்தையின் போக்குக்கே விட்டுவிட நிலப்பிரபுக்கள் ஒப்பவில்லை. இதிலிருந்தே கூலி நிர்ணயத்தில் வேறு ஒரு காரணமும் சேர்ந்திருப்பது விளங்கும்.

காத்திருக்கும் வலிமை

அந்தக் காரணத்தை ஆடம் ஸ்மித் 1776-இல் வெளிவந்த தம் நூலிலேயே எடுத்துக் கூறியிருக்கிறார். கூலித் தகராறு வந்தால் நிலவுடைமையாளரும் ஆலை உடைமையாளரும் சேர்த்து வைத்த பொருளைக் கொண்டு ஓராண்டு, ஈராண்டு கூடத் தாக்குப் பிடிப்பர். தொழிலாளரில் பலர் வேலையின்றி ஒரு வாரம் கூடத் தாங்கமாட்டார் என்பது அவர் கருத்து.

நூல் வியாபாரி இன்று விலை கட்டாவிட்டால் மூட்டையைக் கிடங்கில் போட்டு வைப்பார். உழைப்பை அவ்வாறு இருப்பு வைக்க முடியுமா? இன்று விற்காத உழைப்பு இன்றோடு போயிற்று. நேற்றைய எட்டு மணி நேரத்தை நாளைக்குச் சேர்த்து விற்க யாராலும் இயலாது. உழைப்பு, மாலை நேரத்துக் கீரைக்கட்டு போன்றது. பொழுது சாயச் சாய, விற்பவருக்கே அவசரம் அதிகம். உழைப்பு ஒரு விற்பனைச் சரக்கு அன்று எனப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1944-இல் பிலடெல்பியாவில் பிரகடனம் செய்ததை இந்த நோக்கில் எண்ணிப் பார்த்தல் தகும்.

ஒரே வாசல்

விற்பவர் ஒருவராகவும் வாங்குவோர் பலராகவும் இருப்பதை முற்றுரிமை என்கிறோம். வாங்குபவர் ஒருவராகவும் விற்பவர் பலராகவும் இருந்தால் என்ன ஆகும்? இதை ஆராய்ந்தவர் ஜோன் ராபின்சன் என்னும் ஆங்கிலப் பொருளியல் அம்மையார். 1933-இல் அவர் எழுதிய நூலில் இதனை விரிவாக விளக்கினார். தமிழில் இதை வாங்குவோர் முற்றுரிமை எனலாம். தொழிலாளி போகக்கூடிய வேறு இடம் இல்லையெனில், அவர் ஈட்டித் தருவதைவிடக் குறைவான கூலியையே முதலாளி தர முடியும். தொழிலாளியும் போக மாட்டார்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கூடத்தில் பத்துப் பேர் நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலிக்கு வேலை செய்வதாக வைத்துக்கொள்வோம். பதினோராவது ஆள் 550 ரூபாய் தந்தால்தான் வருவேன் என்கிறார். அவருக்கு மட்டும் 550 கொடுத்தால் மற்றப் பத்துப் பேரும் சும்மா இருப்பார்களா? அவர்களுக்கும் ஆளுக்கு 50 ரூபாய் கூட்ட வேண்டும். ஆகவே பதினோராவது ஆளால் முதலாளிக்கு ஏறும் செலவு 550 அன்று. 550-உம் 500-உம் சேர்ந்து 1050 ரூபாய். ஆள் தேவைப்பட்டும் கூலியை உயர்த்த முதலாளி தயங்குவதன் உட்பொருள் இதுவே.

பாக்கி என்னும் கயிறு

இக்கணக்கைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. நாமக்கல் மாவட்டத்தின் காவிரிக் கரையில் குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதியெங்கும் விசைத்தறிகள். தறி ஓட்டுபவருக்கு மீட்டர் கணக்கில் கூலி. ஒருவரே பல தறிகளைப் பார்க்க வேண்டும். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று தறி ஓய்வதில்லை. வேலைக்குச் சேரும்போது முதலாளி ஒரு முன்பணம் தருவார். அதற்கு எங்கள் பக்கத்தில் பாக்கி என்று பெயர்.

நான் சிறுவனாக இருந்தபோது, வட்டியில்லாமல் இவ்வளவு பணம் தருகிற முதலாளி பெரிய தயாளர் என்று எண்ணியதுண்டு. அதன் பொருளியல் இப்போதுதான் விளங்குகிறது. மேலே கண்ட கூடத்தில் பதினொரு பேருக்கும் 50 ரூபாய் கூலி உயர்த்தினால் மாதம் 26 நாளுக்கு 14,300 ரூபாய் கூடுதல் செலவு. ஏற்றிய கூலியை இறக்கவும் முடியாது. மாறாகப் பதினோராவது ஆளுக்கு 50,000 ரூபாய் பாக்கி கொடுத்தால்? அப்பணத்தை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கியிருந்தாலும் மாதம் 1,000 ரூபாய்தான். பதினொரு பேருக்குமே கொடுத்தாலும் 11,000-க்கு மேல் போகாது. முதலும் கைவிட்டுப் போகாது. ஆள் பற்றாக்குறையால் ஏற வேண்டிய கூலி ஏறாமல், கடனாக உருமாறித் தொழிலாளியின் தலையிலேயே வந்து அமர்கிறது. வாங்கும் நாளில் அது உதவி. வேறு கூடத்துக்குப் போக நினைக்கும் நாளில் அது கயிறு.

என் தந்தையார் பாட்டியின் வைத்தியத்துக்கும் அக்காவின் திருமணத்துக்குமாகப் பாக்கி வாங்கியிருந்தார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில், அடுத்த தெருவில் ஒரு கூடத்தில் மீட்டருக்கு இருபது காசு கூடுதலாகக் கொடுத்தார்கள். அப்பாவால் போக முடியவில்லை. போவதென்றால் பாக்கியை ஒரே தவணையில் கட்ட வேண்டும். அல்லது புது முதலாளி அதைக் கட்டி, அவரிடம் அதே கடனைத் தொடர வேண்டும். அந்தச் சமயம் முதலாளி ஒரு யோசனை சொன்னார்.

"பையனையும் தறிக்கு அனுப்புங்க. ரெண்டு வருசத்துல பாக்கி கழிஞ்சுரும்."

"அவன் படிக்கட்டுமுங்க. பாக்கிய நாங்களே கழிச்சுக்கிறோமுங்க" என்றார் அப்பா. அன்று முதல் அம்மாவும் அதே கூடத்தில் தார் சுற்றப் போகிறார்.

முதலாளி தீய எண்ணத்தில் சொன்னார் என்று நான் கருதவில்லை. அவரும் சொந்த நூலில் ஓட்டுபவர் அல்லர். பெரிய வியாபாரி தரும் பாவையும் ஊடை நூலையும் வாங்கி, மீட்டருக்கு இவ்வளவு என்று நெய்து கொடுப்பவர். மின்கட்டணம் ஏறினாலும் வியாபாரி கூலியை ஏற்றுவதில்லை. அவருக்கும் வாசல் ஒன்றே. குறைபாடு ஓர் ஆளின் குணத்தில் இல்லை, அமைப்பில் இருக்கிறது.

சட்டமும் கூலியும்

இவ்வமைப்பைச் சீர்ப்படுத்தவே சட்டங்கள் தோன்றின. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது; 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அதனைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்தைக் காரணம் காட்டி ஒருவர் வேறு வேலைக்குப் போகும் உரிமையைப் பறிப்பதும் கொத்தடிமை முறையே என்கிறது. விலங்கும் சாட்டையும் இருந்தால்தான் கொத்தடிமை என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. பசியும் ஒரு கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சட்டத்தால் கூலியை உயர்த்தினால் வேலை போய்விடாதா என்று சிலர் கேட்பர். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992-இல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்திலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்னும் இரு அறிஞர்கள் இவ்விரு இடங்களிலும் 410 உணவகங்களை ஆராய்ந்து, நியூ ஜெர்சியில் வேலை குறையவில்லை என்று 1994-இல் எழுதினர். ஒரு சோதனைக் குழாயில் வினைப்பொருளைச் சேர்த்து, மற்றொன்றைச் சேர்க்காமல் வைத்து ஒப்பிடும் எங்கள் ஆய்வகமுறை போன்றதே இது. கார்டு 2021-இல் நோபல் பரிசு பெற்றார். எவ்வளவு உயர்த்தினாலும் வேலை குறையாது என்பது இதன் பொருள் அன்று. வாங்குவோர் கை ஓங்கிய இடத்தில், கூலியை ஓரளவு உயர்த்த இடமுண்டு என்பதே பொருள்.

இன்னொரு வழி, தொழிலாளிக்கு இன்னொரு வாசலைத் திறப்பது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் குடும்பத்துக்கு ஆண்டில் நூறு நாள் வேலை என்றது. அது நடைமுறைக்கு வந்தபின் தனியார் வயல்களிலும் கூலி உயர்ந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். போக வேறு இடம் உண்டு என்றபோது, போகாமல் இருந்தவருக்கும் கூலி கூடியது.

முடிவுரை

தேவையும் அளிப்பும் கூலியின் எல்லைகளைக் காட்டுகின்றன. அவ்வெல்லைக்குள் கூலி எங்கே நிற்கும் என்பதை, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக யாரால் முடியும் என்பதே தீர்மானிக்கிறது. சட்டமும் சங்கமும் கல்வியும் தொழிலாளிக்கு அந்த ஆற்றலைத் தருபவை.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் என்னைப் போல் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் பலர். நம் பெற்றோரின் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, அத்தொழிலுக்கு அரசு நிர்ணயித்த கூலி எவ்வளவு, முன்பணம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நாம் அறிந்து வீட்டில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பா நெய்த மீட்டரையும், பெற்ற கூலியையும், பாக்கியில் கழித்த தொகையையும் நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். முன்பு இக்கணக்கு முதலாளியின் நோட்டில் மட்டுமே இருந்தது. சென்ற தீபாவளியின்போது இரண்டையும் ஒப்பிட்டதில், இரண்டு வாரக் கழிப்பு அவர் நோட்டில் விட்டுப்போயிருந்தது. எடுத்துக் காட்டினோம், மறுக்காமல் திருத்திக் கொடுத்தார். பாக்கி இன்னும் முழுவதும் தீரவில்லை. ஆனால் எவ்வளவு மிச்சம் என்பது இப்போது எங்களுக்கும் தெரியும்.