தூரத்துப் போரும் அருகில் வரும் துயரமும்

போர்வீரன் என்றதும் துப்பாக்கி ஏந்திக் களத்தில் நிற்பவனே நம் மனக்கண்முன் தோன்றுகிறான். ஆனால் இந்த விஞ்ஞான யுகத்தில், அறைக்குள் நாற்காலியில் அமர்ந்தபடியே போர்புரியும் வீரர்களும் உள்ளனர். குண்டு எட்டாத இடத்தில் இருப்பவர்களுக்கு ஆபத்து ஏது என்று நாம் எண்ணலாம். சற்று ஆராய்வோம்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலப் பாலைவனத்தில், லாஸ் வேகாஸ் நகருக்கு வடமேற்கே கிரீச் விமானப்படைத் தளம் இருக்கிறது. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் பறக்கும் ஆளில்லா விமானங்களை இங்கிருந்தே செயற்கைக்கோள் வழியாக இயக்குகின்றனர். முன்பு பறந்த 'பிரிடேட்டர்' 2018-இல் ஓய்வு பெற்றது. அதனினும் பெரிய 'ரீப்பர்' தொடர்ந்து பறக்கிறது. விமானி ஒருவர், படக்கருவியை இயக்குபவர் ஒருவர் என இருவர் திரைமுன் அமர்கின்றனர்.

இரவு பகல் மாறிமாறி வரும் நீண்ட பணிநேரம் தூக்கத்தைக் கெடுக்கிறது. கண்கள் களைக்கின்றன, முதுகு வலிக்கிறது. இவற்றினும் கொடியது மனச்சுமை. போர் விமானி குண்டு வீசியதும் விரைந்து திரும்பிவிடுவார். இவர்களோ ஒரு மனிதனை நாள்கணக்கில் கவனிக்கின்றனர். அவன் பிள்ளைகளோடு இருப்பதையும் காண்கின்றனர். தாக்கிய பின்னரும் பார்வையை விலக்க இயலாது. விளைந்ததைத் திரையில் பார்த்தே தீரவேண்டும். பணி முடிந்ததும் காரோட்டி வீடு சேர்ந்து, குடும்பத்தாரோடு உணவருந்த வேண்டும். கண்டதைச் சொல்லவோ இராணுவ இரகசியம் தடுக்கிறது.

2013-இல் வெளியான அமெரிக்க இராணுவ மருத்துவ ஆய்வொன்று, இத்தகைய விமானிகள் 709 பேரை, விமானத்தில் ஏறிப் பறக்கும் விமானிகள் 5,256 பேரோடு ஒப்பிட்டது. வயது முதலிய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டபோது, மனநலக் கோளாறுகளில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தூரம் உடலைக் காத்தது, உள்ளத்தைக் காக்கவில்லை!

இதனை உணர்ந்தே, இரகசியங்களைக் கேட்க அனுமதி பெற்ற மனநல வல்லுநர்களையும் ஆன்மகுருக்களையும் கிரீச் தளத்தில் அமர்த்தினர். மனம்விட்டுப் பேச ஒருவர் கிடைப்பதே பாதி மருந்தல்லவா?

தாக்குதலுக்கு உள்ளாகும் மக்களின் துயரம் இதனினும் பன்மடங்கு பெரிது. அதை நாம் மறத்தலாகாது. எனினும், பொத்தானை அழுத்தும் கைக்குப் பின்னாலும் ஓர் இதயம் துடிக்கிறது. இயந்திரம் எவ்வளவு தொலைவு பறந்தாலும் மனிதனின் மனச்சாட்சி அவனைவிட்டு அகல்வதில்லை என்பதை நாம் உணர்வோமாக.