வாயில் சொல்கிறான், வாசிக்க வரவில்லை

"கதை கேட்டா அப்படியே திருப்பிச் சொல்றானுங்க சார், புஸ்தகத்தப் பிரிச்சாத்தான் முழிக்கிறான்." காங்கேயத்தில் அரிசி ஆலைக்கும் தேங்காய்க் களத்துக்கும் வேலைக்குப் போகும் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் இப்படிச் சொன்னால், அதைச் சாக்கு என்று தள்ளிவிடக் கூடாது.

1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டிக்காரன், தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்றாராம் அவன் ஆசிரியர். டிஸ்லெக்சியா என்பது இதுதான். அறிவில் குறையில்லை, பார்வையிலும் இல்லை. எழுத்தை ஒலியோடு இணைப்பதில்தான் மூளை தடுமாறுகிறது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியது என்ற நினைப்பு தவறு. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். ஒலியில் ககரம் முதலில், ஒகரம் பின்னால். எழுத்திலோ கொம்பு முன்னால் வருகிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் 'க'. அந்தக் 'க'வும் கடலில் ஒருவிதம், தங்கத்தில் வேறுவிதம், அகத்தில் இன்னொரு விதம். ல, ள, ழ குழப்பம் தனி. மற்ற பிள்ளைகள் பழக்கத்தில் தாண்டுவதை இவர்கள் ஒவ்வொரு முறையும் முயன்று தாண்ட வேண்டியிருக்கிறது.

பள்ளியில் இவர்களுக்குக் கிடைப்பது 'மெல்லக் கற்போர்' பட்டியலில் ஓர் இடமும் பத்து முறை இம்போசிஷனும். பிழையாகப் படிந்ததைப் பத்து முறை எழுதினால் பிழைதான் ஆழமாகப் பதியும். ஒலியைப் பிரித்துச் சொல்ல வைத்து, அதைச் சொல்லிக்கொண்டே மணலிலோ நெல்லிலோ விரலால் எழுத வைப்பது பலன் தரும். திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதையேதான். வகுப்பின் முன் நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லாமல், பதிலை வாயால் கேட்டு மதிப்பெண் போடலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா உள்ளிட்ட கற்றல் குறைபாட்டை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றை அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அந்தப் பயிற்சி வந்துசேர வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கிய பிறகு கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு ஓடுவதில் பாதிப் பயன்தான். இரண்டாம், மூன்றாம் வகுப்பிலேயே சந்தேகம் வந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள்; வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைப் பார்க்க வேண்டுமென்று கேளுங்கள். கேட்பது உங்கள் பிள்ளையின் உரிமைங்க, சலுகை அல்ல.