புதிய ரவுட்டர் வந்ததும் காணாமற்போகும் பெட்டி



வீட்டு இணைய இணைப்பை மாற்றுகிறீர்கள். ஆட்கள் வந்து புதிய ரவுட்டரைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். கைத்தொலைபேசியிலும் தொலைக்காட்சியிலும் இணையம் வருகிறது. ஆனால், அலுமாரிக்கு மேலே இருக்கும் சேமிப்புப் பெட்டி மட்டும் கணினியில் தென்படுவதேயில்லை! மகளின் நிகாஹ் படங்கள், பிள்ளைகள் குர்ஆன் ஓதி முடித்த நாளின் படங்கள், மௌத்தான வாப்பாவின் குரலில் பதிந்த யாஸீன் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. "எல்லாம் அழிந்துவிட்டதே" என்று கண்கலங்குவோர் உண்டு. கலங்க வேண்டாம். ரவுட்டரை மாற்றியதால் பெட்டிக்குள் இருப்பது அழியாது. அதற்குப் போகும் வழிதான் மாறியிருக்கிறது.

இந்தப் பெட்டியைக் கடைக்காரர்கள் 'நாஸ்' என்பார்கள். அறபியில் நாஸ் என்றால் மனிதர்கள். இது அதுவல்ல, ஆங்கிலப் பெயரொன்றின் முதலெழுத்துகள். வீட்டு வலையமைப்பில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. பழைய ரவுட்டரின் இலக்கம் 192.168.1.1 என்றும், பெட்டியின் இலக்கம் 192.168.1.50 என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது, பெட்டி 1ஆம் ஒழுங்கையில் 50ஆம் வீடு. புதிய ரவுட்டரோ 192.168.8.1 என்று வந்திருக்கிறது. வீட்டிலுள்ள ஏனைய சாதனங்களெல்லாம் 8ஆம் ஒழுங்கைக்குக் குடிமாறிவிட்டன. பெட்டிக்கு மட்டும் இலக்கத்தை நிலையாக எழுதி வைத்திருந்தால், அது பழைய ஒழுங்கையிலேயே தனித்து நிற்கும். சலாம் சொன்னாலும் கேட்காது!

பரிகாரத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை. அவசரப்பட்டு வன்தட்டைக் கழற்றிக் கணினியில் பூட்டிப் பார்க்காதீர்கள். இப்பெட்டிகளிற் பெரும்பாலானவை லினக்ஸ் முறையில் எழுதுகின்றன. விண்டோஸுக்கு அது வாசிக்கத் தெரியாது. "இத்தட்டை ஃபோர்மட் செய்ய வேண்டும்" என்று அது கேட்கும். ஆம் என்று அழுத்தினால்தான் உண்மையான இழப்பு நேரும்.

முதலில் பெட்டியின் கேபிளைப் பாருங்கள். புதிய ரவுட்டரில் 'லேன்' என்று எழுதிய துளையில் அது இருக்க வேண்டும். வெளி இணைப்புக்கான 'வேன்' துளையில் அல்ல. பிறகு பெட்டியை முறைப்படி நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். இலக்கத்தைத் தானாகப் பெறும்படி அது அமைந்திருந்தால், இத்துடனேயே காரியம் முடிந்துவிடும். ரவுட்டரின் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலில் அதன் பெயரும் புதிய இலக்கமும் தெரியும்.

தெரியாவிட்டால், பழைய இலக்கம் உங்களுக்கு நினைவிருக்கும்பட்சத்தில், புதிய ரவுட்டரின் இலக்கத்தையே பழையபடி 192.168.1.1 என்று மாற்றிவிடுவது எனக்குப் பிடித்த வழி. ஒழுங்கை முழுவதும் பழைய இடத்துக்கு வந்துவிடும். பெட்டியில் கைவைக்கத் தேவையில்லை. அதற்கு ரவுட்டர் இடம் கொடாவிட்டால், கணினியையும் பெட்டியையும் ஒரு கேபிளால் நேரடியாக இணைத்து, கணினிக்கு 192.168.1.10 என்றும் அதன் மாஸ்க் 255.255.255.0 என்றும் கொடுத்து, உலாவியில் பெட்டியின் பழைய இலக்கத்தைத் திறந்து, 'தானாகப் பெறுக' என்று மாற்றலாம். முடிந்ததும் கணினியையும் தானியங்கி முறைக்குத் திருப்ப மறக்க வேண்டாம்.

இலக்கமே நினைவில்லையா? சினோலொஜி பெட்டியானால், பின்னாலுள்ள ரீசெட் துளையை ஊசியால் சுமார் 4 விநாடி அழுத்துங்கள். ஒரு பீப் ஒலி கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லும் வலையமைப்பு அமைப்பும் மட்டுமே ஆரம்ப நிலைக்குப் போகும். படங்கள் அப்படியே இருக்கும். மற்றக் கம்பனிகளின் பெட்டிகளுக்கு விநாடிக் கணக்கு வேறு. கைநூலைப் பார்க்காமல் அழுத்த வேண்டாம்.

இதன் பின்னும் கணினி முரண்டு பிடிக்கலாம். புதிய வலையமைப்பை விண்டோஸ் 'பொது' என்று எடுத்துக்கொண்டு மற்றச் சாதனங்களைத் தேடாமல் விடுவதுண்டு. அதைத் 'தனியார்' என்று மாற்றுங்கள். பழைய இலக்கத்தில் வைத்த குறுக்குவழியை நீக்கிப் புதிதாக வையுங்கள். கைத்தொலைபேசி விருந்தினர் வைஃபையில் இருந்தால் பெரும்பாலும் பெட்டியைக் காணாது.

இனி, பெண்கள் கவனிக்க வேண்டிய விடயம். வீட்டுக்குள் ஹிஜாபின்றி எடுத்த படங்களும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். திருத்த வருபவரிடம் கடவுச்சொல்லைச் சொல்லாமல் நீங்களே தட்டச்சுச் செய்யுங்கள். சொல்ல நேர்ந்தால் அவர் போனதும் மாற்றிவிடுங்கள். "வெளிநாட்டிலிருந்தும் பார்க்கலாம்" என்று ரவுட்டரில் வாசல் திறந்துவிட முன்வருவார்கள்; வேண்டாம் என்று சொல்லுங்கள். பிறர் வீட்டில் சலாம் கூறி, அனுமதி பெற்றே நுழையும்படி சூறத்துந் நூர் கற்பிக்கிறது. திறந்த வாசலைத் தேடும் இணையத் திருடர்களுக்கு அந்த ஒழுக்கம் ஏது? 2022 ஜனவரியில் கியூநாப் பெட்டிகளை 'டெட்போல்ட்' என்னும் நச்சுநிரல் தாக்கிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இணையத்துக்குத் திறந்துவிடப்பட்டிருந்த பெட்டிகளே அதில் அகப்பட்டன.

பெட்டி மீண்டும் தெரிந்ததும், ரவுட்டரில் அதற்கு நிரந்தர இலக்கமொன்றை ஒதுக்கி, அந்த இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். கடவுச்சொல்லை அங்கே எழுத வேண்டாம். அன்றைக்கே எல்லாவற்றையும் தனி வன்தட்டொன்றில் பிரதி எடுத்து, அதைக் கழற்றி உம்மாவின் வீட்டு அலுமாரியில் வையுங்கள். இரண்டு தட்டுகள் உள்ள பெட்டியானாலும் இது வேண்டும். தவறுதலாக அழித்த படம் இரண்டிலும் ஒரே நேரத்தில் அழிந்துவிடும்.