பயிற்சிக்கு முன் ஒரு கரண்டி

உடற்பயிற்சிக்கு முன் அருந்தும் ஊக்கத்தூள் தரும் விறுவிறுப்புக்குப் பெரும்பாலும் காஃபீனே காரணம். ஒரு கரண்டித் தூளில் 150 முதல் 300 மில்லிகிராம் வரை அது இருப்பதுண்டு. 1918இல் குன்னூரில் தோன்றி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமை வரம்பாகக் குறித்துள்ளது. 150 மில்லி வடிகட்டிய காப்பியிலேயே 80 முதல் 120 மில்லிகிராம் உண்டு. ஆகவே, இருவேளைக் காப்பியுடன் இத்தூளும் சேர்ந்தால் வரம்பு மீறும். நெஞ்சு படபடக்கும், இரத்த அழுத்தம் உயரும், உறக்கம் கெடும். இதய நோயுள்ளோர் தவிர்த்தல் நலம். கையொப்பமிடுமுன் படிவத்தை வாசிக்கும் நாம், வாங்குமுன் டப்பாவில் காஃபீன் அளவையும் 14 இலக்க உணவு உரிம எண்ணையும் வாசிப்போம். அவை இல்லையேல் வாங்காதிருப்போம்.