பெருஞ்சூரையைப் படகேற்றுவது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. நம் சந்தைக்கு மீன் ஐஸ் பெட்டியில் லாரி ஏறித்தான் வருகிறது. ஆயினும் ஒரு காலத்தில் இம்மண் கடலடியில் கிடந்ததென்பதற்குக் காரை கிராமத்துப் பக்கம் கிடைக்கும் சுறாப் பற்களே சாட்சி. அந்தப் பழங்கடலில் சூரை மீன் மட்டும் இருந்ததில்லை. அவ்வினம் வெகுகாலம் கழித்தே தோன்றியது. எனவே சூரையைத் தேடி நாம் குமரி மாவட்டத்துத் தூத்தூர் வரை போக வேண்டும்.

தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடலோர ஊர்களின் ஆண்கள் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் பேர்பெற்றவர்கள். விசைப்படகில் ஐஸ், அரிசி, குடிநீர் ஏற்றிப் புறப்பட்டால் வாரக்கணக்கில் கடலிலேயே வாசம். மிதவைகள் கட்டிய நீண்ட கயிற்றிலிருந்து கிளைக்கயிறுகள் தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் இரை குத்திய தூண்டில் முள் இருக்கும்.

நம் சந்தையில் காணும் சிறு சூரையை வைத்துப் பெரிய சூரையை எண்ணிவிடக் கூடாது. மஞ்சள் துடுப்புச் சூரை ஓர் ஆளின் உயரத்தையும் மிஞ்சும். 150 கிலோவுக்கு மேலும் வளரும். அட்லாண்டிக் கடலின் நீலத்துடுப்புச் சூரை அதனினும் பெரிது. 1979 அக்டோபர் 26 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கென் ஃப்ரேசர் என்பவர் தூண்டிலில் பிடித்த மீனின் எடை 679 கிலோ!

இத்தகைய மீன் முள்ளை விழுங்கியதும் என்ன நேரும்? கயிற்றை இழுத்துக்கொண்டு ஆழத்திற்குப் பாயும். அப்போது பிடித்து நிறுத்த முயன்றால் கயிறு அறும், அல்லது கை அறும். விட்டுப் பிடிக்க வேண்டும். அதற்காக மணிக்கணக்கில் விளையாட விடலாமா என்றால் அதுவும் ஆகாது. இங்கேதான் சூரையின் விந்தை இருக்கிறது.

பெரும்பாலான மீன்களின் உடல் சுற்றியுள்ள நீரின் அளவே குளிர்ந்திருக்கும். சூரைக்கு அப்படியல்ல. வாயைத் திறந்தபடி ஓயாது நீந்தினால்தான் அதற்கு மூச்சு. அந்த நீச்சலில் தசையில் பிறக்கும் சூடு வீணாகிவிடாதபடி, சூடான குருதியும் குளிர்ந்த குருதியும் அருகருகே ஓடும் நுண்குழாய்ப் பின்னல் ஒன்று அதன் உடலில் உண்டு. ஆகவே அது நீரைவிட வெதுவெதுப்பானது. தூண்டிலில் மாட்டிப் போராடும்போதோ சூடு மேலும் ஏறி, தசையில் புளிப்பும் சேர்கிறது. நெடுநேரம் போராடிய மீனின் சதை வெளிறிக் குழைந்து, வெந்ததுபோல் ஆகிவிடும். எத்தனை பெரிய மீனானாலும் விலை பாதியாகப் போய்விடலாம்.

எனவே களைத்த மீன் படகருகே வட்டமிடும் வேளையில் கொக்கியைத் தலையில் மட்டுமே மாட்டுவார்கள். உடலில் குத்தினால் சதை பாழ். மேலேற்றியதும் தலையில் அடித்து அடக்கி, குருதியை வடித்து, செவுளையும் குடலையும் நீக்கி, உள்ளும் புறமும் ஐஸ் திணிப்பார்கள். அத்தனை பெரிய உடல் நடுமுள் வரை குளிர வெகுநேரம் பிடிக்கும். ஆடும் படகில், வழுக்கும் தளத்தில் இவ்வளவும் நடக்கிறது.

அந்தத் தொலைவில் இருப்பவர்களுக்கு மீன் மட்டுமா கவலை? 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோது, கரையில் சொன்ன எச்சரிக்கை நெடுந்தொலைவில் இருந்த படகுகளுக்கு எட்டவில்லை. தூத்தூர்ப் பகுதியில் பல வீடுகளுக்குத் தந்தையரும் அண்ணன்மாரும் திரும்பவேயில்லை. ஆழ்கடலிலும் புயற்செய்தி பெறச் செயற்கைக்கோள் வழிக் கருவிகள் அதன்பிறகே பரவலாயின.

இனி நம் அடுக்களைக்கு வருவோம். சூரையின் சதை கருஞ்சிவப்பாக இருப்பதைக் கண்டு கெட்டுவிட்டதென்று ஒதுக்குவோர் உண்டு. அது அதன் இயல்பு நிறமே. அஞ்ச வேண்டியது வேறு. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையில் கிருமிகள் ஹிஸ்டமின் என்னும் நஞ்சை உண்டாக்கும். உண்டவர்க்கு முகம் சிவந்து, உடல் தடித்து, தலைவலிக்கும். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் அந்நஞ்சு நீங்காது. அம்மாவுடன் சந்தைக்குப் போகும்போது, மீன் ஐஸின் மேல் வெறுமனே கிடக்கிறதா, ஐஸுக்குள் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.